கட்டை கடிக்கும் குதிரை, கரையும் உடம்பு: புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகள் குறைந்த விலைக்குச் சவாரிப் பள்ளிகளுக்கும் தனியாருக்கும் கைமாறுகின்றன. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் மார்வாரியும் கத்தியவாரியும் நாட்டு மட்டக்குதிரைகளும் விலைபோகின்றன. முதல் குதிரையை வீட்டுக்கு ஓட்டிவந்த பலர் சில வாரங்களிலேயே ஒரே மாதிரி கவலையோடு வருகிறார்கள்: கதவைப் பல்லால் பிடித்துக்கொண்டு ஏப்பம் விடுவதுபோலச் சத்தம் போடுகிறது, எவ்வளவு தீனி வைத்தாலும் விலா எலும்பு தெரிகிறது, என்ன செய்வது?

உடனே கிடைக்கும் அறிவுரை, கழுத்தில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டு, கொள்ளுத் தீனியைக் கூட்டு என்பதுதான். இரண்டுமே பெரும்பாலும் தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றன. கிரிப்பிங் எனப்படும் இந்தக் கட்டை கடிக்கும் பழக்கமும் மெலிவும் ஒன்றுக்கொன்று காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம், குறிப்பாக வயிற்றுப் புண், இருக்கலாம். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் தீனியை மாற்றினால் பணமும் மாதங்களும் வீணாகும்.

அது கிரிப்பிங்தானா?

கிரிப்பிங் என்பது ஒரு குறிப்பிட்ட செயல். குதிரை முன்பற்களைக் கதவு விளிம்பு, தொட்டி, வேலிக்கம்பு போன்ற அசையாத ஒன்றின் மேல் ஊன்றும். கழுத்தின் அடித்தசை புடைக்க உடம்பைப் பின்னுக்கு இழுக்கும். உணவுக்குழாயின் மேல்பகுதிக்குள் காற்று போகும்போது ஓர் உறுமல் கேட்கும். இந்தக் காற்றில் பெரும்பகுதி வயிற்றுக்குப் போவதில்லை, மேலேயே திரும்பிவிடுகிறது. "காற்றை விழுங்கி வயிறு நிரம்பிவிடுவதால் சாப்பிடுவதில்லை" என்று லாயங்களில் சொல்வது அதனால் சரியல்ல.

எதையும் பிடிக்காமல் கழுத்தை மட்டும் வளைத்து இதே சத்தத்தை எழுப்புவது காற்றுறிஞ்சல். மரத்தைக் கொறித்துத் தின்பது வேறு. அதில் உறுமல் இருக்காது, மரம் குறைந்துகொண்டே வரும். கொறிப்பது பெரும்பாலும் நார்த்தீனிப் பற்றாக்குறையைக் காட்டுகிறது, புல் கூடினால் பல குதிரைகளில் குறைந்துவிடும். கிரிப்பிங் அப்படி எளிதில் போகாது. ஊறிப்போன பழக்கமானால் ஆயுள் முழுதும் ஓரளவு இருக்கும். அதை அறவே ஒழிப்பதை இலக்காக வைக்காதீர்கள். எடையைக் காப்பதும், வயிற்றைக் காப்பதும், பழக்கத்தின் அளவைக் குறைப்பதும் நம்மால் ஆகக்கூடியவை.

இது ஏன் வருகிறது? ஒரே பதில் இல்லை. தரோபிரெட் குதிரைகளில் மற்ற இனங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால் பரம்பரைக்கும் பங்கு உண்டு. நாள் முழுக்க லாயத்தில் அடைத்துவைப்பது, தானியம் அதிகமாகவும் புல் குறைவாகவும் கொடுப்பது, தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு உடனே அடர்தீவனம் ஊட்டுவது ஆகியவை இதைத் தூண்டுகின்றன. கிரிப்பிங் செய்யும் குட்டிகளின் வயிற்றில் புண்களும் அழற்சியும் அதிகம் இருப்பதை உள்நோக்கிப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. பக்கத்துக் குதிரையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆகவே கிரிப்பிங் குதிரையை யார் கண்ணிலும் படாமல் மூலையில் அடைக்காதீர்கள். தனிமை அந்தப் பழக்கத்தை இன்னும் வளர்க்கும்.

அளந்து எழுதுங்கள்

தினமும் பார்க்கும் கண்ணுக்கு எடை குறைவது தெரியாது. தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, பிடரி முடியும் மேட்டுக்குச் சற்றுப் பின்னால், முன்னங்காலுக்குப் பின்புறமாக மார்பைச் சுற்றி அளக்கவும். அது மூச்சை வெளியே விடும்போது அளவைக் குறிக்கவும். பிறகு தோள் எலும்பின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனைவரை நீளத்தை அளக்கவும். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 175 செ.மீ., நீளம் 155 செ.மீ. என்றால் ஏறக்குறைய 400 கிலோ. சில கிலோ முன்பின் இருக்கலாம். வாரம் ஒருமுறை, அதே நாளில், அதே நேரத்தில், அதே ஆள் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பிசகில்லாமல் தெரியும்.

கூடவே உடல் நிலைக்கு ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போடுங்கள். 1983-இல் ஹென்னெக்கி குழுவினர் வகுத்த இந்த முறை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு எளிதாகத் தட்டுப்பட்டால் 5. விலா தெளிவாகத் தெரிந்து முதுகெலும்பு மேடாக நின்றால் 3. கழுத்து, முதுகு, இடுப்பு எலும்புகள் எல்லாம் துருத்தினால் 1 அல்லது 2. வயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். வைக்கோல் தின்று வயிறு தொங்கும் குதிரைக்கும் முதுகில் சதை இருக்காது. முதுகு, விலா, வால் அடி, தோள், கழுத்து ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்தே மதிப்பெண் போடவேண்டும்.

கிரிப்பிங்கையும் எண்ண வேண்டும். தானியம் வைத்த பிறகு பத்து நிமிடம், நண்பகலில் பத்து நிமிடம், இரவு கடைசித் தீனிக்கு முன் பத்து நிமிடம். எத்தனை தடவை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பெரும்பாலான குதிரைகள் தானியம் தின்று முடித்த உடனேதான் மிக அதிகமாகச் செய்யும். உங்கள் குதிரையும் அப்படியென்றால் தீவனத்தில் கைவைக்க வேண்டிய இடம் அதுவே.

தீனியைக் கூட்டுமுன் இவற்றை விலக்குங்கள்

மெலிந்த குதிரையைப் பார்த்ததும் பழியைக் கிரிப்பிங்கின்மேல் போட்டுவிடுவது எளிது. நம் ஊரில் குதிரை மெலிவதற்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன, சில உயிரை எடுப்பவை.

முதலில் பல். கிரிப்பிங் செய்யும் குதிரையின் மேல் முன்பற்களின் முன்விளிம்பு சாய்வாகத் தேய்ந்திருக்கும். முற்றினால் ஈறுவரை தேய்ந்து தரைப்புல்லைக் கடித்து அறுக்க முடியாமல் போகும். அதைவிட முக்கியம் கடைவாய்ப் பல். அதன் விளிம்பு கூர்மையாகி கன்னத்தையும் நாக்கையும் அறுத்தால் மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து கீழே விழும், சாணத்தில் முழுத் தானியமும் நீளநார்களும் தெரியும். வாய்திறப்பான் மாட்டி உட்பக்கம் பார்த்து அரம் போடத் தெரிந்த மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டவும்.

அடுத்து புழு. கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றாமல், சாணத்தைக் கொடுத்து ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். குதிரைக்கான ஐவர்மெக்டின் வாய்வழிப் பசையின் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மி.கி. மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடக்கூடாது. ஊசி போட்ட இடத்தில் கடுமையான வீக்கமும் தொற்றும் வந்த குதிரைகள் உண்டு.

மூன்றாவது இரத்தம். விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிற்றின் அடியிலும் கால்களிலும் நீர்வீக்கம், வெளிறிய ஈறு, நன்றாகத் தின்றும் மெலிவு: இப்படி இருந்தால் சர்ரா நோயைச் சந்தேகிக்க வேண்டும். மாட்டு ஈக்கள் பரப்பும் டிரிப்பனசோமா இவான்சி என்ற ஒட்டுண்ணியால் வருவது அது. உண்ணிகள் பரப்பும் தைலீரியா, பபேசியா தொற்றுகளும் இதே தோற்றத்தில் வரும். காய்ச்சல் இருக்கும் நேரத்தில் எடுத்த இரத்தத்தில்தான் ஒட்டுண்ணி கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே காலையும் மாலையும் உடல்வெப்பம் பாருங்கள். இயல்பு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். மருந்து மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். இந்த நோய்களுக்கான மருந்துகளில் குதிரைக்கு அளவு சற்றுத் தவறினாலும் ஆபத்தானவை இருக்கின்றன. உள்ளூரில் குதிரை பார்ப்பவர் இல்லையென்றால் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குக் கொண்டுபோவது மேல்.

கடற்கரை மணலில் தீனி போட்டு வளர்க்கும் குதிரைகளுக்கு இன்னொரு சோதனை. புதுச் சாணத்தில் ஆறு உருண்டை எடுத்து, தெளிவான பிளாஸ்டிக் பையிலிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு மூலையைக் கீழாக வைத்துத் தொங்கவிடுங்கள். கால் மணி நேரத்தில் அடியில் மணல் தங்கினால் குடலிலும் மணல் இருக்கிறது. தீனியை இனித் தரையில் போடாமல் ரப்பர் பாய்மேலோ தொட்டியிலோ வையுங்கள். மணலை வெளியேற்ற மருத்துவர் இசப்கோல் கொடுக்கச் சொல்லலாம்.

முதல் மருந்து புல்

குதிரையின் இரைப்பை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு உமிழ்நீர் ஊறுவதோ மெல்லும்போது மட்டும்தான். நாள் முழுக்கப் புல் மெல்லும் குதிரைக்கு 35 முதல் 40 லிட்டர் வரை ஊறும். தானியத்தைச் சில நிமிடங்களில் விழுங்கிவிடும், புல்லை மணிக்கணக்கில் மெல்லும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் பாதிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது.

நம் லாயங்களின் வழக்கமான நேர அட்டவணையைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் புல்லும் கொள்ளும் வைத்துவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். எட்டு மணிக்குள் தொட்டி காலி. மறுநாள் காலை ஐந்து மணிவரை வெறும் வயிறு. ஒன்பது மணி நேரம் அமிலம் மட்டும் ஊறுகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஓட்டப் பயிற்சி. அந்த அமிலம் இரைப்பையின் பாதுகாப்பற்ற மேல்பகுதியில் தெறிக்கிறது. புண் வராமல் என்ன செய்யும்? இரவு பத்து மணிக்கு ஒரு வலைப்பை நிறையக் காய்ந்த புல் கட்டித் தொங்கவிட ஓர் ஆளை ஏற்பாடு செய்வது, எந்தச் சத்துமாவையும்விடப் பெரிய மாற்றத்தைத் தரும்.

அளவு: உலர்ந்த நிலையில் கணக்கிட்டால் உடல் எடையில் 1.5 சதவீதத்துக்குக் கீழே நார்த்தீனி ஒருநாளும் இறங்கக்கூடாது. மெலிந்த குதிரைக்கு 2 சதவீதமோ அதற்கு மேலோ வேண்டும். 400 கிலோ இருக்கவேண்டிய குதிரைக்கு உலர்நிலையில் 8 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். ஒரு கட்டுப் பச்சைப்புல் கண்ணுக்கு நிறையத் தெரிந்தாலும் உள்ளே போவது கொஞ்சம்தான். நடைமுறையில் 5 கிலோ நல்ல காய்ந்த புல், 15 கிலோ பசும்புல், 6 கிலோ பச்சைக் குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப்பயிர்) என்று வைத்தால் கணக்கு எட்டுக்குச் சற்று மேலே வரும். தராசில் நிறுத்துப் போடுங்கள். கைக்கட்டுக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

காய்ந்த அருகம்புல் குதிரைக்கு மிக நல்லது. குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் அதிகம், வயிற்று அமிலத்தையும் தணிக்கும். சவாரிக்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு கைப்பிடி நறுக்கிய குதிரைமசால் கொடுத்தால் அமிலம் தெறிப்பது குறையும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் எங்கும் கிடைக்கும், ஆனால் அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாடு சமாளிக்கும், குதிரையால் முடியாது. அவற்றை மட்டுமே மாதக்கணக்கில் தின்னும் குதிரையின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகத்தெலும்பு இருபுறமும் வீங்கும், நடை தள்ளாடும், மெல்ல வலிக்கும், உடம்பு இளைக்கும். இந்தப் புல் தவிர வேறு வழியில்லையென்றால் குதிரைமசாலைக் கட்டாயம் சேர்த்து, கால்சியம் கலவையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

நெல் வைக்கோலில் சத்து குறைவு. மென்றுகொண்டிருக்க ஒன்றிரண்டு கிலோ போடலாம். அதுவே முக்கியத் தீனியானால் பெருங்குடலில் அடைத்துக்கொள்ளும். பச்சைச் சோளத்தட்டையைக் குதிரைக்குத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து உருவாகும் சயனைடு பின்னங்கால்களைத் தள்ளாடவும் சிறுநீர்ப்பையைச் செயலிழக்கவும் வைக்கும். சூபாபுல் இலையிலுள்ள மிமோசின் பிடரியும் வாலும் உதிரக் காரணமாகும். புல் அறுப்பவரிடம் அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியவை கட்டில் கலக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். அரளி இலை சில போதும், குதிரை செத்துவிடும். பூஞ்சை வாடை வரும் புல்லை "வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்று கொடுக்க வேண்டாம்.

சிறு கண்ணுள்ள வலைப்பை, அதாவது 3 முதல் 4 செ.மீ. அகலக் கண், தின்னும் நேரத்தை நீட்டும். ஆனால் மிகவும் மெலிந்த குதிரைக்கு முதலில் பெரிய கண் வலையே போதும். எட்டித் தின்னச் சிரமப்பட்டு அது விட்டுவிடக்கூடாது. வலையின் அடிப்பகுதி காலியாகித் தொங்கும்போது முன்னங்கால் சிக்காத உயரத்தில் கட்ட வேண்டும்.

தானியம்: குறைவாக, பிரித்து

எடை ஏற்றவேண்டும் என்று தானியத்தைக் கூட்டுவதே கிரிப்பிங்கைக் கூட்டும் வழி. மாவுச்சத்து ஒரு வேளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 கிராமைத் தாண்டாமல் இருந்தால் வயிற்றுப் புண் ஆபத்து குறையும். 400 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 400 கிராம் மாவுச்சத்து. ஓட்ஸில் ஏறத்தாழ 40 சதவீதம் மாவுச்சத்து இருப்பதால் அது ஒரு கிலோ ஓட்ஸ். பார்லியில் பாதிக்கு மேல், மக்காச்சோளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே அவற்றின் அளவை இன்னும் குறைக்க வேண்டும்.

நடைமுறைக்கு ஒரு கலவை: வேளைக்கு 600 கிராம் உடைத்த ஓட்ஸ், 200 கிராம் கொள்ளு, நாளுக்கு மூன்று வேளை. கொள்ளைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, மெத்தென்று வேகும்வரை வேகவைத்து, ஆறியபின் கலக்கவும். வேகவைத்த கொள்ளு நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அந்த நாளுக்கு மட்டும் வேகவைத்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, இனிப்புத் தீவனம் ஆகியவற்றை நிறுத்துங்கள். இனிப்பான தானியம் வாயில் பட்ட சில நிமிடங்களில் கிரிப்பிங் ஏறுவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பயிற்சியில் நன்றாக நடந்ததற்குப் பரிசாக வெல்லக்கட்டி கொடுப்பவர்கள் அதற்குப் பதில் ஒரு பிடி குதிரைமசால் கொடுக்கட்டும்.

மெலிவைப் போக்கும் கூடுதல் சக்தி தானியத்திலிருந்து வரவேண்டியதில்லை, எண்ணெயிலிருந்து வரலாம். தவிட்டு எண்ணெயோ சோயா எண்ணெயோ நாளுக்கு 30 மி.லி.யில் தொடங்கி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை 30 மி.லி. கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் 200 மி.லி.யில் நிறுத்தவும். குதிரைக்குப் பித்தப்பை இல்லை. பித்தம் சேமிக்கப்படாமல் தொடர்ந்து ஒழுகுவதால், கொழுப்பை மெதுவாகப் பழக்கினால் நன்றாகவே செரிக்கும். ஒரேநாளில் கூட்டினால் சாணம் இளகி, எண்ணெய் அப்படியே வெளியேறும். ஒவ்வொரு 100 மி.லி. எண்ணெய்க்கும் 100 அலகு வைட்டமின் ஈ சேர்க்க மறக்காதீர்கள். நாற்றமடித்த பழைய எண்ணெய் வேண்டாம், பொரித்த எண்ணெய் கண்டிப்பாக வேண்டாம்.

தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோதுமைத் தவிட்டிலும் நெல் தவிட்டிலும் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போலப் பல மடங்கு. நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் தவிடு போடுபவர்கள் தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் 30 கிராம் சேர்க்க வேண்டும். இது கால்சியம் கார்பனேட். சுவருக்கு அடிக்கும் நீர்த்த சுண்ணாம்பைப் போட்டுவிடக்கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும். உப்பு 100 கிலோ உடல் எடைக்கு 10 கிராம் வீதம் தினம் வேண்டும், வியர்க்கும் நாளில் இரட்டிப்பாக. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கோடையில் நம் சமவெளியில் ஒரு குதிரை 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ குதிரைக்கு வைக்காதீர்கள். அவற்றில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டுக்கு நன்மை செய்யும் அதே பொருள் குதிரையின் இதயத்தசையை அழித்துவிடும். ஒரே அரவை இயந்திரத்தில் இரண்டையும் அரைக்கும் இடத்தில் தீவனம் வாங்கும்போதும் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எந்த மாற்றத்தையும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு செய்யுங்கள். மதிப்பெண் 1, 2 என்று எலும்பும் தோலுமாக வந்த குதிரை வேறு வகை. அதற்கு முதல் நாளே தானியத்தைக் குவித்தால் இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து சில நாளில் இறந்துபோகும். முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ காய்ந்த குதிரைமசால் மட்டும், பிறகு பத்தாம் நாள்வரை மெல்லக் கூட்டல், தானியம் அதற்கு அப்புறம். இதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யவும்.

வயிற்றுப் புண்

தானியத்தைப் பாதியில் விட்டு நகர்வது, சேணப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது, மங்கிய ரோமம், அடிக்கடி லேசான வயிற்றுவலி, இவற்றோடு கிரிப்பிங்கும் மெலிவும் இருந்தால் புண்ணைச் சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய மூன்று மீட்டர் நீள உள்நோக்கிக் கருவி வேண்டும். அது கிடைக்காத ஊரில் மருத்துவர் சோதனையாக மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஒமிப்ரசோல் வாய்வழிப் பசை ஒரு கிலோ எடைக்கு 4 மி.கி., நாளுக்கு ஒருமுறை, 28 நாள். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தீனி வைக்க வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துத் தானியத்தில் தூவினால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும், பயன் கிடைக்காது. முடிக்கும்போது திடீரென்று நிறுத்தாமல் அளவைப் படிப்படியாகக் குறைக்கவும். வலிக்காக ஃபினைல்பியூட்டசோன் தொடர்ந்து கொடுக்கப்பட்ட குதிரை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புண்ணுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மருந்து முடிந்து பழைய தீனிக்கே திரும்பினால் புண் திரும்பும். புல்லைச் சரிசெய்யாமல் மருந்து வாங்குவது வீண் செலவு. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் மருந்து விலை அதிகம், புல் மலிவு.

லாயமும் கழுத்துப்பட்டையும்

பகலில் எட்டு மணி நேரமாவது வெளியே, முடிந்தால் இன்னொரு குதிரையோடு. இடமில்லாதவர்கள் பக்கத்து லாயத்துக் குதிரையைப் பார்க்கவும் மூக்கால் தொடவும் முடிகிறமாதிரி சுவரில் கம்பிவலை வைக்கலாம். ஓர் ஆட்டைத் துணையாகக் கட்டுவதும் பல குதிரைகளுக்கு ஒத்துவருகிறது.

கதவு விளிம்பில் மிளகாய்ப்பொடி, சோப்பு, வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்பார்கள். குதிரை அடுத்த விளிம்புக்குப் போய்விடும். பழைய இன்ஜின் எண்ணெய் தடவுவது விஷம். விளிம்புகளுக்குத் தகடு போர்த்தி மரத்தைக் காக்கலாம், ஆனால் பல் தகட்டில் இன்னும் வேகமாகத் தேயும். மற்ற விளிம்புகளையெல்லாம் நீக்கிவிட்டு மார்பு உயரத்தில் ஒரே ஓர் இடத்தில் பழைய டயர் ரப்பரைச் சுற்றி விட்டுக்கொடுப்பதுதான் எங்கள் கருத்தில் நேர்மையான ஏற்பாடு. பழக்கம் நிற்காது, பல் பிழைக்கும், கதவும் பிழைக்கும். ஆணி துருத்தாமல் பாருங்கள். வாரம் ஒருமுறை ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும். கிழித்த துண்டை விழுங்கினால் குடல் அடைக்கும்.

கழுத்துப்பட்டை பெரும்பாலான குதிரைகளில் கழுத்தை வளைக்கவிடாமல் எண்ணிக்கையைக் குறைக்கும், உள்ளிருக்கும் உந்துதலைக் குறைக்காது. கழற்றிய நாளில் சில குதிரைகள் முன்னைவிட அதிகமாகச் செய்யும். பல் ஈறுவரை தேய்ந்தாலோ, கிரிப்பிங்குக்குப் பின் அடிக்கடி வயிற்றுவலி வந்தாலோ மருத்துவரோடு பேசிப் பயன்படுத்தலாம். அப்போதும் தலை தாழ்ந்து புல் தின்னும்போது தொண்டையை அழுத்தாத இறுக்கம்தான் வேண்டும். உள்பக்கம் மென்தோல் வைத்து, தினமும் கழற்றித் தோலில் புண் இருக்கிறதா பார்த்து, சில மணி நேரம் இளைப்பாற விட வேண்டும். கட்டிய பிறகு எடை குறைந்தால் பட்டை குதிரைக்கு ஒத்துவரவில்லை. மின்னதிர்ச்சிப் பட்டையும், பல்லிடுக்கில் உலோக வளையம் மாட்டுவதும் கொடுமை, அவற்றைத் தொடவே வேண்டாம். கழுத்துத் தசையையும் நரம்பையும் வெட்டும் அறுவைச்சிகிச்சை உண்டு. பழக்கம் ஊறாத இளங்குதிரைகளில் பலன் நன்றாக இருக்கும், முதிர்ந்த குதிரைக்கு உறுதி சொல்ல முடியாது.

எப்போது பலன் தெரியும், எப்போது ஓட வேண்டும்

தீனி சரியாகி, புழுவும் பல்லும் பார்த்த குதிரை நாளுக்கு 300 முதல் 500 கிராம்வரை ஏறும். ஒரு மதிப்பெண் உயர 400 கிலோ குதிரைக்கு 15 முதல் 20 கிலோ வேண்டும். ஒன்றரை இரண்டு மாதம் பொறுங்கள். நான்கு வாரத்தில் நாடா அசையவே இல்லையென்றால் தானியத்தைக் கூட்டாதீர்கள், இரத்தத்தையும் பல்லையும் மறுபடி பாருங்கள். கிரிப்பிங் எண்ணிக்கை புல் கூடிய முதல் மாதத்திலேயே இறங்கலாம், இறங்காமலும் போகலாம். உடம்பு ஏறிக்கொண்டிருந்தால் அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. கிரிப்பிங் செய்யும் குதிரைகளுக்கு, கல்லீரலை ஒட்டிய சிறு துளை வழியாகச் சிறுகுடல் நுழைந்து நெரிபடும் ஒருவகை வயிற்றுவலி மற்றக் குதிரைகளைவிட அதிகமாக வருகிறது. இதில் சில சமயம் வலி பெரிதாக வெளியே தெரியாது. தீனியை மறுத்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, சாணம் போடாமல் மந்தமாக நின்றாலே போதும். இதயத்துடிப்பை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு. 60-ஐத் தாண்டினால், அல்லது வலிநிவாரணி போட்டும் ஒரு மணி நேரத்துக்குள் வலி திரும்பினால், தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை உடனே வரவழையுங்கள். வண்டியையும் தயாராக வையுங்கள். அந்த நிலையில் குடலை விடுவிப்பது அறுவைச்சிகிச்சை மட்டுமே, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: விலை பேசுமுன் மேலுதட்டைத் தூக்கி முன்பற்களின் விளிம்பைப் பாருங்கள். தொண்டைக்குக் கீழே ரோமம் தேய்ந்த பட்டைத் தடம் இருக்கிறதா தடவிப் பாருங்கள். பட்டை எதுவும் இல்லாமல் ஒரு பிடி இனிப்புத் தானியம் கொடுத்து, மார்பு உயரக் கம்பத்தருகே கட்டிவைத்து அரை மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். கிரிப்பிங் செய்தால் வாங்கவே கூடாது என்பதில்லை. நாள் முழுக்கப் புல்லும் வெளியில் இடமும் இரவுத் தீனிக்கு ஆளும் உங்களிடம் இருந்தால் அது நல்ல சவாரிக் குதிரையாக நெடுங்காலம் வாழும். அவை இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.